ஃபான், கேத்தில், கிணத்து மோட்டர்: வீட்டில திருத்தப் பழகிறதெண்டால் எங்க தொடங்கலாம்?

புதுக்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில அளவெட்டிப் பக்கம் பழைய கல்வீடு. இப்ப மூண்டு சாமான் ஒரேயடியா முரண்டு பிடிக்குது.

ஒண்டு, ஸ்ராண்ட் ஃபான். சுவிச்சைப் போட்டால் உறுமுது, சுத்தாது. கம்பியால தட்டை (இறக்கையை) ஒருக்காத் தள்ளிவிட்டால் சுத்தும். ஆனால் 3இல வைச்சாலும் 1இல வைச்ச காத்துத்தான்.

ரெண்டு, கரண்ட் கேத்தில். தண்ணி கொதிச்சுக்கொண்டே இருக்கும், தானா நிக்குதில்லை. அடியில வெள்ளைப் படை தடிப்பாப் பிடிச்சுக் கிடக்கு.

மூண்டு, கிணத்து மோட்டர், அரைக் குதிரைவலு. காலமை போட்டால் ஓடும், தண்ணி வராது. மேல் மூடியைக் கழட்டித் தண்ணி விட்டு நிரப்பினால் இறைக்கும். பின்னேரம் திரும்ப அதே கதை.

கேட்ட இடமெல்லாம் "புதுசு வேண்டுங்கோ" எண்டுதான் மறுமொழி. எனக்கு பிளக்குக்கு வயர் பூட்டத் தெரியும், அதுக்கு மேல ஒண்டும் தெரியாது. வீட்டில அம்மாவும் அம்மம்மாவும்தான், பக்கத்தில நிண்டு காட்டித்தர ஆளில்லை. என்ன ஆயுதம் வேண்டோணும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எதில தொடங்கலாம்?

---

சோளகம் எழுதியது:

பிள்ளை, மூண்டு பழுதுக்கும் அரைவாசி விடையை நீங்களே எழுதிப்போட்டியள். "தள்ளிவிட்டால் சுத்துது", "நிரப்பினால் இறைக்குது" எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆளுக்குத் திருத்திறது பெரிய வேலையில்லை. கன பேர் பிழைவிடுறது முதலே ஸ்க்ரூவைக் கழட்டுறதில. பழுது எங்கயெண்டு அளந்து பாத்திட்டுத்தான் கழட்டோணும், சாமான் வேண்டுறதும் அதுக்குப் பிறகுதான்.

அளக்கிறதுக்கு ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் வேணும். ஆக மலிவானதை எடுக்காதேங்கோ, அதில கப்பாசிற்றர் அளக்கிற இடம் இருக்காது. டயலில மைக்றோஃபரட் குறி இருக்கிறதாப் பாத்து எடுங்கோ. மற்றது, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ட்ரைவர் 1ஆம், 2ஆம் இலக்கம், தட்டைத் தலையில ஒண்டு, மூக்கு நீண்ட குறடு, வயர் வெட்டிற குறடு, 10 அங்குல அட்ஜஸ்ரபிள் ஸ்பனர், பைப்புக்குச் சுத்திற வெள்ளை ரேப். சொல்டரிங் அயன் இப்ப தேவையில்லை, பேந்து பாப்பம்.

இனிப் பாதுகாப்பு. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

சுவர்ச் சுவிச்சை நிப்பாட்டினால் கரண்ட் இல்லையெண்டு நினைக்காதேங்கோ. பழைய வயரிங் வீடுகள் சிலதில சுவிச் நியூற்றலில (கரண்ட் திரும்பிப் போற வயரில) பூட்டியிருக்கும். லைற் அணையும், ஹோல்டரில கரண்ட் நிக்கும். பிளக் உள்ள சாமானெண்டால் பிளக்கைப் புடுங்கி உங்கட கண்ணுக்கு முன்னால மேசையில வையுங்கோ. சீலிங் ஃபான், கிணத்து மோட்டர் மாதிரி நேர வயர் போனதெண்டால் மெயினை நிப்பாட்டுங்கோ. அதுக்குப் பிறகும் மீற்றரால பாக்கோணும். ஏசி வோல்ற் 600 அல்லது 750இல வைச்சு, முதல் கரண்ட் இருக்கிற ஒரு சுவர்ப் பிளக்கில குத்திப் பாருங்கோ, 230 கிட்டக் காட்டோணும். பிறகு மெயினை நிப்பாட்டித் திருத்தப்போற இடத்தைக் குத்துங்கோ. மெயினைத் திரும்பப் போட முதல் மீற்றரை இன்னொருக்காச் சோதிக்கிறதுக்கு வேற ஒரு கரண்ட் இடம் இல்லாட்டி, ஒரு சின்ன பற்றறியில டிசி வோல்ற் பாத்தாலும் சரி, மீற்றரும் வயரும் உயிரோட இருக்கெண்டு தெரியும். லைற் எரியிற ரெஸ்ரர் ஸ்க்ரூ ட்ரைவரை மட்டும் நம்பாதேங்கோ. செருப்பு, நிலம், உள்ளுக்கை இருக்கிற பல்ப் எண்டு எல்லாத்திலயும் அது மாறிக் காட்டும்.

ட்றிப் சுவிச் (கரண்ட் கசிஞ்சால் தானா விழுற சுவிச்) இருக்கோ? இருந்தால் மாசத்துக்கு ஒருக்கா அதின்ர ரெஸ்ற் பட்டினை அமத்துங்கோ, டக்கெண்டு விழவேணும். விழாட்டி முதல் திருத்த வேண்டியது அதுதான், அது எலெக்ரீசியன் வேலை. வீட்டுக்கு 30 மில்லி அம்பியர்தான் சரியான அளவு. இன்னொரு விசயம், ஒரு கை லைவிலயும் மற்றக் கை நியூற்றலிலயும் பட்டால் ட்றிப் சுவிச் விழாது. அதுக்கு நீங்களும் ஒரு பல்ப்தான்.

சூடாக்கிற எல்லாச் சாமானுக்கும் ஒரு கணக்குச் சொல்லித்தாறன், எழுதி வையுங்கோ. 52,900ஐ வாற்றால பிரியுங்கோ, வாறது எலிமென்ரில (சூடாகிற கம்பியில) காட்ட வேண்டிய ஓம்ஸ். (230ஐ 230ஆல பெருக்கினதுதான் அந்த 52,900.) 1800 வாற் கேத்திலெண்டால் 29 கிட்ட, 1000 வாற் ஸ்திரிக்கைப்பெட்டியெண்டால் 53 கிட்ட, 700 வாற் றைஸ் குக்கரெண்டால் 75 கிட்ட. ஒண்டு ரெண்டு கூடிக்குறையலாம். ஒண்டுமே காட்டாட்டி எங்கயோ அறுந்திட்டுது. பிளக்கின்ர ரெண்டு கம்பியில வைச்சு அளவுங்கோ, சுவிச்சைப் போட்ட நிலையில. அறுந்ததெண்டு காட்டினால் உடன எலிமென்ரைச் சந்தேகப்படாதேங்கோ. அளந்துகொண்டே வயரைப் பிளக்கடியிலயும் சாமானுக்குள்ள போற கழுத்தடியிலயும் வளைச்சுப் பாருங்கோ. ஸ்திரிக்கைப்பெட்டியில கன பழுது அந்தக் கழுத்தடியில அறுந்த வயர்தான். அறுந்த இடத்தை வெட்டி எறிஞ்சிட்டு ஒரு சாண் கட்டையாப் பூட்டினால் முடிஞ்சுது.

---

செப்புக்கம்பி எழுதியது:

ஃபானை நான் எடுக்கிறன்.

உறுமல் + தள்ளினால் சுத்தல் + வேகம் குறைவு. இந்த மூண்டும் சேர்ந்தால் ரெண்டு காரணம்தான்: கப்பாசிற்றர் மெலிஞ்சிருக்கும், இல்லாட்டி புஷ் (அச்சைத் தாங்கிற வளையம்) காய்ஞ்சு இறுகியிருக்கும். ரெண்டும் ஒண்டாவும் இருக்கலாம்.

ஏன் எண்டு விளங்கினால்தான் அடுத்த ஃபானையும் நீங்களே பாப்பியள். இந்த மோட்டருக்குள்ள ரெண்டு வைண்டிங் (செப்புக் கம்பிச் சுருள்) இருக்கு. ஒண்டு நேர மெயினில. மற்றது கப்பாசிற்றருக்கால போகுது. கப்பாசிற்றர் அந்த ரெண்டாவது வைண்டிங்கின்ர கரண்டை மற்றதோட ஒத்துப்போகாமல் முன்னுக்குத் தள்ளிவிடும், அந்த வித்தியாசத்தாலதான் சுத்துற விசை பிறக்குது. கப்பாசிற்றர் செத்தால் எந்தப் பக்கம் சுத்துறதெண்டு மோட்டருக்குத் தெரியாது, நிண்ட இடத்தில உறுமும். நீங்கள் தள்ளிவிட்ட பக்கம் சுத்தும், பிழையான பக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் சுத்தும். சும்மா உறுமவிட்டுக்கொண்டு இருக்காதேங்கோ, வைண்டிங் சூடேறும். தள்ளுறதும் இனி வேண்டாம்.

கழட்டுற ஒழுங்கு:

முன் கூட்டைக் கழட்டினாத் தட்டைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்ரிக் மூடி தெரியும். அது எதிர்ப்புரி. மணிக்கூட்டுக் கம்பி சுத்துற பக்கம் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் மற்றப் பக்கம் முறுக்கி உடைச்ச ஃபான் ஊரில எத்தினை! பின் கூட்டைப் பிடிச்சிருக்கிற நட் வழமையான புரிதான். பிறகு பின்பக்கம் தலையாட்டுற குமிழியின்ர ஸ்க்ரூ, அதுக்குப் பிறகு பின்மூடி. மூடிக்குள்ள கறுப்பு அல்லது வெள்ளைப் பெட்டி ஒண்டு, ரெண்டு வயரோட. அதுதான் கப்பாசிற்றர். மேல 1, 1.2, 1.5, 2 எண்டு ஏதோ ஒரு மைக்றோஃபரட் இலக்கமும் 400 அல்லது 450 வோல்ற் எண்டும் இருக்கும். கழட்ட முதல் ஃபோனில படம் எடுங்கோ.

பிளக் வெளியில. கப்பாசிற்றரின்ர ரெண்டு முனையையும் காப்பிட்ட பிடியுள்ள ஸ்க்ரூ ட்ரைவரால சேத்துத் தொடுங்கோ, மிச்சம் இருக்கிற கரண்ட் போகட்டும். ஒரு வயரைக் கழட்டி மீற்றரில அளவுங்கோ. எழுதினதில 5 வீதம் கூடிக்குறைஞ்சால் சுகம். 10 வீதத்துக்கு மேல குறைஞ்சால் மாத்துங்கோ. இந்தப் பிளாஸ்ரிக் கப்பாசிற்றருகள் ஒரேயடியாச் சாகாது. உள்ளுக்கை இருக்கிற மெல்லிய தகட்டுப் பூச்சு சின்னச் சின்ன இடத்தில எரிஞ்சு தன்னைத் தானே சுகப்படுத்திக்கொள்ளும், ஒவ்வொருக்காவும் அளவு கொஞ்சம் குறையும். அதுதான் வருசக்கணக்கா மெல்ல மெல்ல வேகம் குறையிறது. சீலிங் ஃபானிலயும் இதே கதைதான், அதில பெரும்பாலும் 2.5 இருக்கும்.

அடுத்தது புஷ். தட்டைக் கழட்டின பிறகு அச்சை விரலால சுண்டிப் பாருங்கோ. நாலைஞ்சு சுத்துச் சுத்தி மெல்ல நிக்கோணும். சுண்டின உடன நிண்டால் காய்ஞ்சிட்டுது. வெண்கலப் புஷ்ஷைச் சுத்தி ஒரு கம்பளி வளையம் இருக்கும், எண்ணெய் ஊறி நிக்கிறது அதிலதான். சோளகக் காத்துப் புழுதியும் தலைமயிரும் அச்சில சுத்தி அந்த எண்ணெயை உறிஞ்சிப்போடும்.

தையல் மெசின் எண்ணெய் பக்கத்துக்கு 4 - 5 துளி. காணும். தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, கொஞ்ச நாளில பிசினாப் போய் முந்தினதை விட இறுகும்.

ஒண்டுமே அசையாமல், உறுமலும் இல்லாமல் செத்த ஃபானெண்டால் வேற கதை. வைண்டிங்குக்குள்ள வெப்ப ஃபியூஸ் ஒண்டு சுத்தி வைச்சிருப்பினம், கூடச் சூடானால் ஒரேதரம் அறும். அதை வயரால நேரச் சேத்து ஓட்டிற ஆக்கள் இருக்கினம். அடுத்த தரம் எரியப்போறது ஃபியூஸ் இல்லை, வீடு.

---

கல்வியங்காடு_றேடியோ எழுதியது:

ஒரு சின்ன வழி இருக்கு. 1.5க்குப் பதிலா 2.5 போட்டால் ஃபான் புதுசை விட வேகமாச் சுத்தும். புஷ்ஷுக்கும் டபிள்யூ.டி. 40 அடிச்சால் காணும், கழட்டவே தேவையில்லை.

---

செப்புக்கம்பி எழுதியது:

@கல்வியங்காடு_றேடியோ அண்ணை, ரெண்டுக்கும் நான் மாட்டன் எண்டுதான் சொல்லுவன்.

கப்பாசிற்றரைக் கூட்டினால் ரெண்டாவது வைண்டிங்கில கரண்ட் கூடும். அது மெல்லிய கம்பி, அந்தக் கரண்டுக்குச் சுத்தினதில்லை. கொஞ்ச நாள் காத்துக் கூடின மாதிரி இருக்கும், பிறகு சூடேறி வெப்ப ஃபியூஸ் போகும். மோட்டரின்ர உச்ச வேகத்தை முடிவுசெய்யிறது 50 ஹேட்ஸும் உள்ளுக்கை இருக்கிற காந்த முனைகளின்ர எண்ணிக்கையும், கப்பாசிற்றர் இல்லை.

டபிள்யூ.டி. 40 இறுகினதை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்ல சாமான். ஆனால் அதில பெரும் பங்கு ஆவியாப் போகும், பழைய எண்ணெயையும் கரைச்சுக்கொண்டு போகும். அடிச்சு இளக்கினால் துடைச்சிட்டுப் பிறகு எண்ணெய் விடுங்கோ. அதை மட்டும் அடிச்சு விட்டால் ஒரு மாசத்தில திரும்ப உறுமும்.

---

கிணத்துக்கட்டு எழுதியது:

மோட்டரில பழுதில்லை. தண்ணி நிரப்பினால் இறைக்குது எண்டால் மோட்டர் சுகம், கப்பாசிற்றர் சுகம், இம்பெலர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) சுகம். ராத்திரி பைப்பில நிக்க வேண்டிய தண்ணி எங்கயோ போகுது. எங்கயெண்டு பிடிக்கிறதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

கரண்டை மெயினில நிப்பாட்டுங்கோ. மேல் மூடியைக் கழட்டி, வாய்மட்டத்துக்குத் தண்ணி நிரப்புங்கோ. மூடியைத் திறந்தபடி விட்டு 15 நிமிசம் பாருங்கோ. அந்த நேரத்தில உறிஞ்சிற பைப்பின்ர பொருத்து ஒவ்வொண்டையும் பழந்துணியால வடிவாத் துடைச்சுக் காய வையுங்கோ.

தண்ணி இறங்குது, பொருத்தெல்லாம் காய்ஞ்சு கிடக்கு: கிணத்துக்குள்ள பைப்பின்ர அடியில, தண்ணியைத் திரும்ப இறங்க விடாமல் பிடிக்கிற ஃபுட் வல்வ் கசியுது.

தண்ணி இறங்குது, ஒரு பொருத்து ஈரமாகுது: அதுதான் இடம். நிக்கேக்க தண்ணி வெளிய கசியிற அதே ஓட்டைக்கால, ஓடேக்க காத்து உள்ள போகும். ஓடேக்க சொட்டு வராததால ஒருத்தரும் அதைச் சந்தேகப்படுறதில்லை.

தண்ணி இறங்கவே இல்லை, ஆனாலும் கொஞ்சம் ஓடி நிண்டால் வருதில்லை: மோட்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில இருக்கிற சீலைப் பாருங்கோ. அந்த இடைவெளியால சொட்டு விழுந்தால் சீல் தேய்ஞ்சிட்டுது. அதைத் தள்ளிப்போடாதேங்கோ. அந்தத் தண்ணி அச்சு வழியா முன் பெயரிங்குக்குள்ள போனால் சின்னச் செலவு பெரிய செலவாகும்.

ஃபுட் வல்வெண்டால்: பைப்பை மேல எடுக்க முதல் ஒரு கயிறு கட்டுங்கோ, தண்ணி நிறைஞ்ச பைப் பாரம். கிணத்துக்குள்ள இறங்க வேண்டாம், மேல நிண்டு இழுக்க இன்னொரு ஆளைப் பிடியுங்கோ. வல்வின்ர சல்லடையைக் கழட்டினால் உள்ளுக்கை ஸ்பிறிங்கும் றப்பர் வட்டும். அளவெட்டி இருக்கிற வலிகாமத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்கால வாறது, றப்பர் போய் உக்காருற விளிம்பில வெள்ளையா ஒரு பொருக்குப் பிடிக்கும். அதால வட்டு ஒட்டாது. மணல், இலைத்துண்டு சிக்கினாலும் அப்பிடித்தான். வினாகிரியில ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் துலக்கிற பிறஸ்ஸால தேயுங்கோ. கத்தியால சுரண்டாதேங்கோ, விளிம்பில கீறல் விழுந்தால் பிறகு ஒருக்காலும் பிடிக்காது. றப்பர் வெடிச்சிருந்தாலோ கல் மாதிரி இறுகியிருந்தாலோ புது வல்வ் போடுங்கோ, பைப்பின்ர அளவு 1 அங்குலமோ 1¼ அங்குலமோ எண்டு பாத்து வேண்டுங்கோ. பழசைக் கையில கொண்டு போறதுதான் நல்லது. சுன்னாகத்திலயும் கிடைக்கும், டவுனிலயும் கிடைக்கும்.

திரும்ப இறக்கேக்க வல்வ் அடிநிலத்தில இருந்து ஒரு அடியாவது மேல நிக்கோணும், இல்லாட்டிச் சேறு உறிஞ்சும். ஆவணி, புரட்டாதியில தண்ணி எவ்வளவு இறங்குமெண்டு அயலில கேட்டு, அந்த மட்டத்துக்கும் ஒரு அடி கீழ இருக்கோணும். கிணத்துக்கு மேல வைச்ச மோட்டர் உறிஞ்சிற உயரத்துக்கு எல்லை இருக்கு. கணக்கில 10 மீற்றர் எண்டாலும் நடைமுறையில 7 மீற்றருக்கு மேல எதிர்பாக்காதேங்கோ. கோடையில மட்டும் தண்ணி வராத மோட்டருகளில கனக்க இந்தக் கணக்கால வராதது, பழுதால இல்லை.

பைப் படுக்கையாப் போற இடம் மோட்டர் பக்கம் கொஞ்சம் உயர்ந்து போகோணும். நடுவில மேடு இருந்தால் அதில காத்துக் கட்டும்.

கடைசியா, இது உங்களுக்கில்லை, வாசிக்கிற எல்லாருக்கும்: மண்ணெண்ணெய் மெசினையோ பெற்றோல் மெசினையோ கிணத்துக்குள்ளயோ, கிணத்தோட ஒட்டின குழிக்குள்ளயோ இறக்கி ஓட்டாதேங்கோ. புகை கீழ தங்கும். மணமில்லாத கார்பன் மொனொக்சைட், ஆள் மயங்கினது தெரியாமலே செத்துப்போம். காப்பாத்த இறங்கிற ஆளும் திரும்ப வரான்.

---

வடலி எழுதியது:

கேத்திலுக்கு நான். அக்கா, முதல்ல மூடி வடிவாப் பூட்டுதோ எண்டு பாருங்கோ. கேத்திலை நிப்பாட்டுறது தண்ணிச் சூடு இல்லை, நீராவி. மேல பிடியடியில ஒரு சின்ன ஓட்டையால நீராவி சுவிச்சுக்குப் பின்னால இருக்கிற ஈருலோகத் தகட்டுக்குப் போகோணும். அது சூட்டில டக்கெண்டு வளைஞ்சு சுவிச்சைத் தட்டும். மூடி திறந்து கிடந்தாலோ, அந்த ஓட்டையைச் சுண்ணாம்பு அடைச்சாலோ தகட்டுக்குச் சேதியே போகாது.

படையை எடுக்க: சிற்றிக் அசிற் லீற்றருக்கு 20 - 25 கிராம். தண்ணியைக் கொதிக்க விடாதேங்கோ, கை சுடுற சூடு காணும். நல்லாக் கொதிச்சால் கல்சியம் சிற்றேற் எண்டு வேறொரு வெள்ளை படியும், அதை எடுக்கிறது இன்னும் கரைச்சல். ஒரு மணித்தியாலம் விட்டு ஊத்துங்கோ. வினாகிரியெண்டால் தண்ணியோட சரிபாதி, அதைக் கொதிக்க வைக்கலாம், ஆனால் நுரைச்சுப் பொங்கும், அரைவாசிக்கு மேல நிரப்பாதேங்கோ. தேசிக்காய்ப் புளி மெல்லிய படைக்குக் காணும், தடிச்சதுக்குக் காணாது. பிறகு ரெண்டு தரம் வெறுந்தண்ணி கொதிக்க வைச்சு ஊத்துங்கோ. கக்கூஸ் கழுவிற அசிற்றைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, எவர்சில்வரைப் பொத்துப்போடும்.

நீராவி ஓட்டைக்குப் பஞ்சுக்குச்சியை வினாகிரியில தோய்ச்சுத் துடையுங்கோ. கேத்திலைத் தண்ணிக்குள்ள தாக்கக் கூடாது.

இன்னொண்டு, அடித்தட்டில நடுவில நிக்கிற வட்டப் பொருத்தியைப் பாருங்கோ. கறுத்து உருகின அடையாளம் இருந்தால் திருத்த வேண்டாம், மாத்துங்கோ.

---

தீவான் எழுதியது:

எல்லாரும் உள்ளூர்க் கணக்கில எழுதுறியள். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை மாதிரிக் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வரி சேர்க்க வேணும். அங்க கப்பாசிற்றருக்கும் புஷ்ஷுக்கும் முதல் சாகிறது வயர் முனையள்தான். உப்புக் காத்தில செப்பு பச்சையாப் பூக்கும், பொருத்து சூடாகும், பிளக் கருகும். வருசத்தில ஒருக்கா, மாரிக்கு முன்னம், பிளக்குகளைத் திறந்து ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் கன பழுது வராது. பச்சை பூத்த வயரை வெட்டிவிட்டு, உள்ள மினுங்கிற செப்பு வரும்வரைக்கும் உரிச்சுப் பூட்டுங்கோ.

சதுரக்கம்பி 13 அம்பியர் பிளக்குக்குள்ள இருக்கிற ஃபியூஸையும் பாருங்கோ. எல்லாத்துக்கும் 13 போட்டு விக்கிறாங்கள். ஃபானுக்கு 3 காணும், கேத்திலுக்கு 13 வேணும். ஃபான் வயர் உரசிச் சேந்தால் 3 உடன அறும், 13 அறச் சுணங்கலாம்.

---

சோளகம் எழுதியது:

தொடக்கூடாதது எதெண்டு புதுக்கை கேட்டிருந்தவ, அதை ஒருத்தரும் எழுதேல்லை.

மைக்றோவேவ் அவன்: பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ளுக்கை இருக்கிற பெரிய கப்பாசிற்றரில ஆயிரக்கணக்கான வோல்ற் நிக்கும். வேலை தெரிஞ்ச ஆக்களே கொல்லுப்பட்டிருக்கினம். ஃபிறிட்ஜின்ர காஸ் ஓடுற பக்கம்: விசேச ஆயுதம் இல்லாமல் ஒண்டும் செய்ய ஏலாது. (கதவு றப்பர், உள் லைற், பின்பக்கத் தூசி மூண்டும் நீங்கள் பாக்கலாம்.) சமையல் காஸ் றெகுலேற்றர்: திருத்திற சாமான் இல்லை, மாத்திற சாமான். கசிவைச் சவுக்காரத் தண்ணி தடவிப் பாருங்கோ, நெருப்புக்குச்சியால இல்லை. வீங்கின ஃபோன் பற்றறி: குத்தவோ அமத்தவோ வேண்டாம். எல்.ஈ.டி. பல்பைத் திறந்து எரியவிட்டுக்கொண்டு விரல் வைக்காதேங்கோ, கன பல்புகளில உள் பலகை முழுக்க நேர மெயினோட தொடர்பு.

இதுகளை விட்டால் மிச்சம் எல்லாம் பழகலாம். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஊர் இது.

---

புதுக்கை எழுதியது:

எல்லாருக்கும் கனக்க நன்றி. அளந்ததை எழுதுறன்.

ஃபான் கப்பாசிற்றரில 1.5 எண்டு கிடக்கு, மீற்றரில 0.6. அச்சைச் சுண்டினால் ஒரு சுத்தும் இல்லை, உடன நிக்குது. கடையில 1.5 இல்லையாம். 1.5 எண்டு எழுதின ஒண்டு இருக்கு, ஆனால் 250 வோல்ற். 1உம் 0.5உம் 450 வோல்ற்றில இருக்கு. எதை எடுக்கிறது?

கேத்தில் சிற்றிக் அசிற்றுக்குப் பிறகு தானா நிக்குது. 1800 வாற், பிளக்கில அளந்தால் 29.6.

மோட்டரில 15 நிமிசத்தில தண்ணி முழுக்க இறங்கி மறைஞ்சிட்டுது. பொருத்து ஒண்டும் ஈரமில்லை.

---

செப்புக்கம்பி எழுதியது:

250 வோல்ற்றை விடுங்கோ. மெயின் 230 எண்டது அலையின்ர பயனுறு அளவு (ஆர்.எம்.எஸ்.), உச்சி 325. ஃபான் ஓடேக்க கப்பாசிற்றருக்குக் குறுக்கால மெயினை விடக் கூடத்தான் நிக்கும். 400க்குக் குறைய எடுக்கக் கூடாது.

1ஐயும் 0.5ஐயும் எடுங்கோ. பக்கத்துப் பக்கத்தில, ஒண்டின்ர ரெண்டு வயரையும் மற்றதின்ர ரெண்டு வயரோடயும் சேத்தால் கூட்டி 1.5 வரும். ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கோக்காதேங்கோ, அது 0.33ஆக் குறையும். முறுக்கி ரேப் சுத்தாமல் திருகிப் பூட்டிற கனெக்ரரில போடுங்கோ, மூடிக்குள்ள இடம் காணுமோ எண்டும் பாத்து எடுங்கோ.

புஷ்ஷுக்கு இனி எண்ணெய் மட்டும் காணாது. மோட்டரின்ர நாலு நீள ஸ்க்ரூவைக் கழட்டி முன் பின் மூடியைப் பிரியுங்கோ. பிரிக்க முதல் மூடியிலயும் உடம்பிலயும் பேனையால ஒரு கோடு, அதே இடத்தில திரும்பப் பொருந்தோணும். அச்சில கறுப்பாப் பிடிச்ச பிசினை மண்ணெண்ணெய் தோய்ச்ச துணியால துடையுங்கோ. வைண்டிங்கில மண்ணெண்ணெய் படக் கூடாது. புஷ்ஷுக்குள்ள துணியை முறுக்கி விட்டு எடுங்கோ, நல்லாக் காய விடுங்கோ. பிறகு கம்பளி வளையத்துக்கு எண்ணெய், நனையிற அளவுக்கு. அச்சைப் புஷ்ஷுக்குள்ள விட்டுப் பக்கவாட்டில ஆட்டிப் பாருங்கோ. கடகடவெண்டு ஆடினால் புஷ் தேய்ஞ்சிட்டுது, புஷ் மாத்தோணும்.

திரும்பப் பூட்டேக்கதான் கன பேர் தோக்கிறது. நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக்குறுக்கா, ஒவ்வொண்டையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. ஒவ்வொரு இறுக்குக்கும் அச்சைச் சுண்டிப் பாருங்கோ. இறுகிற மாதிரி இருந்தால் ஸ்க்ரூ ட்ரைவரின்ர பிடியால மூடியின்ர ஓரத்தைச் சுத்தி மெல்லத் தட்டுங்கோ, புஷ் தன்ர நேருக்கு வந்து உக்காரும். பூட்டி முடிய முதல் பிளக்கைக் குத்தாமல் ரெண்டு கம்பிக்கும் மோட்டர் உடம்பின்ர உலோகத்துக்கும் இடையில ஓம்ஸ் பாருங்கோ, மீற்றர் ஒண்டும் காட்டக் கூடாது.

---

வடலி எழுதியது:

29.6 சரியான கணக்கு, எலிமென்ற் சுகம். பிளக்கின்ர மேல் கம்பியில ஒரு முனையும் கேத்திலின்ர உள் உலோகத்தில மற்ற முனையும் வைச்சு ஒருக்காப் பாருங்கோ. 1 ஓம்ஸுக்குக் கீழ காட்டோணும். அதுதான் எர்த். அது அறுந்திருந்தால் கேத்தில் வேலை செய்யும், ஆனால் உள்ளுக்கை ஏதும் கசிஞ்சால் கரண்ட் உங்கட கைக்கு வரும்.

மாசத்துக்கு ஒருக்காப் படை எடுத்தால் அசிற் பாதி காணும்.

---

கிணத்துக்கட்டு எழுதியது:

ஃபுட் வல்வ்தான், வேற ஒண்டும் இல்லை. 15 நிமிசத்தில முழுக்க இறங்கினதெண்டால் ஊறப்போட்டுப் பாக்கிறதோட புது றப்பரோ புது வல்வோ வேண்டி வைச்சிருங்கோ, பைப்பை ரெண்டு தரம் தூக்காமல் விடலாம். வல்வ் புரிக்கு வெள்ளை ரேப் 10 சுத்து, புரி ஏறிற பக்கமாகவே சுத்துங்கோ, எதிர்ப்பக்கம் சுத்தினால் பூட்டேக்க உரிஞ்சு வரும். பீவிசி பொருத்தை வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் ரெண்டு முகத்தையும் உப்புத்தாளால தேய்ச்சு, பசை பூசி, கால் சுத்துத் திருப்பி அமத்தி, ஒரு ராத்திரி விடுங்கோ.

இறக்கின பிறகு அதே 15 நிமிசச் சோதனை. மட்டம் அசையாட்டி மூடியைப் பூட்டுங்கோ. முதல் தரம் மோட்டரைப் போடேக்க டாங்கிக்குப் போற வல்வை முழுசாத் திறந்து வையுங்கோ, பைப்பில நிக்கிற காத்து வெளிய போகோணும். ஒரு நிமிசத்துக்குள்ள தண்ணி வராட்டி நிப்பாட்டுங்கோ. வெறும் வயித்தோட ஓடினால் சீல் எரியும்.